நிரந்தர முகவரி

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய படிவம் வந்து சேர்ந்தது. "அம்மா, உங்கட பிறந்த திகதியும் ஊரின்ர ஸ்பெல்லிங்கும் சரியோ எண்டு ஒருக்காப் பாருங்கோ" என்று ஒரு வரி எழுதியிருந்தாய். இரண்டும் சரி. ஆனால் இரண்டாம் பக்கத்தில், "சொந்த நாட்டில் நிரந்தர முகவரி" என்ற கட்டத்தில் நீ எழுதியிருப்பது பிழை. அது உன் பிழை இல்லை, என்னுடையது. தொலைபேசியிலேயே சொல்லிவிடலாம் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை முயன்று பார்த்தேன். நம்முடைய ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுத்தான் உனக்குத் தெரியுமே: சாப்பிட்டாயா, மெல்பேர்னில் குளிரா, வேலை எப்படி, ஓகே அம்மா, வைக்கிறன். அந்தப் பத்து நிமிடத்துக்குள் இந்த விஷயத்தைத் திணிக்க இடம் கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். தமிழில்தான் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை அழ அழ இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது பலன் கிடைக்கட்டும். மெதுவாக வாசி.

ஆகஸ்ட் மாதம் நீ அமெரிக்கா போகிறாய். ஐந்து வருடம் என்கிறாய். ஆராய்ச்சிப் படிப்பு ஆறு வருடமும் இழுக்கும் என்று எனக்குத் தெரியும். நான்கு வருடத்துக்கு முன்பு உன்னை வேண்டாம் என்று சொன்ன அதே அரசுப் பல்கலைக்கழகம். இந்த முறை அங்கேயுள்ள ஒரு பேராசிரியர் நீ எழுதியதை வாசித்துவிட்டு, தானாகவே உன்னோடு கதைத்து, வா என்று எடுத்திருக்கிறார். படிப்பும் நீ பத்து வயதில் சொன்ன அதே படிப்புத்தான்: நிலம் நடுங்கும்போது சில கட்டிடங்கள் ஏன் விழுகின்றன, சில ஏன் விழாமல் நிற்கின்றன. சிட்னியிலேயே படிக்கலாமே என்று நான் கேட்கும்போதெல்லாம், "இஞ்ச நிலம் நடுங்காது அம்மா, நடுங்கிற இடத்திலதானே படிக்க வேணும்" என்பாய். நீ செய்தி சொன்ன அன்று நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தேன். கேக் முடிந்ததும் உடுப்பு மாற்றும் அறைக்குள் போய் நின்று அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று எழுதினால் அது பாதிப் பொய். மெல்பேர்ன் என்றால் விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம். நீ வராவிட்டாலும், நினைத்தால் வரலாம் என்ற எண்ணம் எனக்குத் துணையாக இருந்தது. இனி அதுவும் இல்லை.

அந்த நான்கு வருடத்துக்கு முந்திய விஷயத்தை நாம் இருவரும் ஒருநாளும் கதைத்ததில்லை. தரைவிரிப்பில் கறை பட்ட இடத்தில் கதிரையைத் தூக்கி வைப்பதுபோல அதன் மேல் எதையோ வைத்து மூடிவிட்டோம். நீ விமானம் ஏறுவதற்கு முன்பு அதைத் தூக்கிப் பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் படிவத்தில் உள்ள பிழையை எனக்குச் சொல்லத் தெரியாது.

உன் பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சை முடிந்து இரண்டு வாரம் இருக்கும். நவம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். சிட்னியில், நம்முடைய பென்டில் ஹில் வீட்டுக் குசினியில் நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். நீ மேசையின் மறுபக்கத்தில் கணினியை வைத்துக்கொண்டு அந்த அமெரிக்க விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாய். நம்முடைய பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வருவதற்கு முன்பே அங்கே விண்ணப்பக் காலம் முடிந்துவிடுமாம். நீயே உன் பாடங்களையும் புள்ளிகளையும் எழுதி, நான்கு சின்னக் கட்டுரையும் எழுதி, எல்லாம் உண்மை என்று கையொப்பம் போட வேண்டுமாம். நான் கேட்கக் கேட்க நீ பொறுமையாக விளக்கினாய். "அம்மா, இது ஸ்டேட் யூனிவர்சிட்டி. முதல்ல அந்த ஸ்டேட் பிள்ளையளுக்குத்தான். மிச்சத்தில மற்ற ஸ்டேட் பிள்ளையள். அதுக்கும் பிறகுதான் நாங்கள், இன்ரநஷனல். உலகத்தில எங்கெங்க வகுப்பில முதலாவதா வந்ததுகளோ, எல்லாம் அந்தக் கொஞ்ச இடத்துக்குத்தான் போட்டி போடுதுகள்."

"அப்ப உனக்கு எவ்வளவு சான்ஸ்?" என்று கேட்டேன்.

"ஸ்மோல், அம்மா. வெரி ஸ்மோல். பரவாயில்லை, போட்டுப் பாப்பம்."

இந்தப் "பரவாயில்லை" என்ற சொல்லை உன் வாயிலிருந்து கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உன் அப்பாவும் அப்படித்தான். நெஞ்சு நோகிறது என்று வந்து இருந்த அன்றும் பரவாயில்லை என்றுதான் சொன்னார், ஒன்பது வயதுப் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். பரவாயில்லை என்பவர்களை நம்பி நான் சும்மா இருக்கப் பழகவில்லை. கத்தரிக்காயை வைத்துவிட்டுச் சொன்னேன், "சின்னம்மா அந்த ஸ்டேட்டிலதானே இருக்கிறா. இருபது வருசமா இருக்கிறா. அவவின்ர விலாசத்தைப் போடு. அந்த ஸ்டேட் பிள்ளையாப் போவாய்."

நீ நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாய், நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து. பிறகு சிரிப்பை நிறுத்தினாய். "தட்ஸ் லையிங், அம்மா."

"என்ன பொய்? சின்னம்மா வீடு உனக்கு வீடில்லையோ?"

"நான் அந்த வீட்டை ஃபோட்டோவிலதான் கண்டிருக்கிறன்" என்றாய். சொல்லிவிட்டுப் பென்டில் ஹில் முகவரியைத் தட்டி முடித்தாய்.

எனக்கு அது ஏன் பொய்யாகப் படவில்லை என்று உனக்குத் தெரியும். நான் பல்கலைக்கழகம் போன கதையை நூறு தரம் கேட்டிருக்கிறாய். எங்கள் நாட்டில் பல்கலைக்கழகத்துக்கு எடுபட வேண்டிய வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. யாழ்ப்பாணத்தில் மலையளவு புள்ளி எடுத்தாலும் இடம் கிடைப்பது கஷ்டம். வன்னியில் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர்களே ஒழுங்காக இல்லை என்பதால் அங்கே வெட்டுப்புள்ளி குறைவு. ஆகவே யாழ்ப்பாணத்தில் ரியூசன் படித்துவிட்டு வன்னியிலிருந்து சோதனை எடுப்பது எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கமாகவே இருந்தது. என் மாமாவுக்கு வன்னியில் வீடு. என் பெயர் அங்கே உள்ள பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் பதிந்திருந்தது. நான் அங்கே இருந்தது சோதனைக்கு முந்திய சில மாதங்கள்தான். நான் அந்த ஊர்ப் பிள்ளைதான் என்று கிராம சேவகர் ஒரு கடிதம் கொடுத்தார். யாராவது வந்து விசாரித்தால் சமாளிக்க மாமா எனக்கு ஊரைப் பாடமாக்கினார். "குளம் எந்தப் பக்கம்?" என்று அவர் திடீரென்று கேட்க, "மழை பெய்தால் எல்லாப் பக்கமும்" என்று நான் சொன்னதை நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிச் சிரிப்பாய். எங்களுக்கு முகவரி என்பது இருக்கிற இடம் இல்லை, போக வேண்டிய இடத்துக்கு வாசல். அப்படித்தான் நான் வளர்ந்தேன்.

அன்றைக்கு நாலு மணிக்கு நீ மைதானத்துக்குக் கிரிக்கெட் விளையாடப் போனாய். உன் கடவுச்சொல் மஞ்சள் தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தது. நான் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். பென்டில் ஹில்லை அழித்துவிட்டு, ஒவ்வொரு தீபாவளிக்கும் முறுக்குப் பார்சலில் எழுதி எழுதி மனப்பாடமாகிவிட்ட சின்னம்மா வீட்டு முகவரியை அடித்தேன். எந்த மாநிலத்தில் வசிக்கிறாய் என்ற கேள்விக்கு அவளுடைய மாநிலத்தைத் தெரிவு செய்தேன். ஐந்து நிமிடமும் ஆகவில்லை. என் கை நடுங்கியிருந்தால் இன்றைக்குச் சொல்ல எனக்குக் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். நடுங்கவில்லை. நீ வியர்த்துக்கொண்டு திரும்பி வந்தாய், கட்டுரைகளை மட்டும் இன்னொரு முறை வாசித்தாய், அனுப்பினாய். மற்றப் பக்கங்களை நீ மறுபடி பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? வீட்டில் நானும் நீயும் மட்டும்தானே.

ஜனவரியில் அவர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. பள்ளிக்கூடம் சிட்னியில், வீடு அமெரிக்காவில், இது எப்படி என்று மரியாதையாகக் கேட்டு, அங்கே வசிப்பதற்கான அத்தாட்சிகளை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தேன். நீ தொலைபேசியை நீட்டிப் பிடித்தபடி குசினி வாசலில் வந்து நின்றாய்.

"அம்மா, இது நீங்களோ?"

"எது?"

"அட்ரஸ்."

"ஓம், நான்தான் மாத்தினனான். இப்ப என்ன குடி முழுகிப் போச்சு? சின்னம்மாட்டச் சொன்னால் ஒரு கரண்ட் பில் அனுப்புவா."

நீ கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், இருவரும் அழுதிருப்போம், பின்னேரம் சாப்பாட்டோடு முடிந்திருக்கும். நீ கத்தவில்லை. "நான் சைன் பண்ணினனான், அம்மா. எல்லாம் உண்மை எண்டு நான்தான் சைன் பண்ணினனான்" என்றாய்.

"உனக்காகத்தானே செய்தனான்!"

"எனக்காக இல்லை. உங்களுக்குத் தெரிஞ்ச வழி அது ஒண்டுதான். அதால செய்தனீங்கள்."

பதினெட்டு வயதுப் பிள்ளை என்னை ஒரே வரியில் அளந்து கையில் தந்துவிட்டாய். அன்று உன்மேல் எனக்கு வந்த கோபம் சொல்ல முடியாது. நீ சொன்னது உண்மை என்பதால்தான் அந்தக் கோபம். பிறகு நீ அந்த மேசையில் உட்கார்ந்து அவர்களுக்குப் பதில் எழுதினாய். நான் உன் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தேன். முகவரி பிழையாகப் பதியப்பட்டுவிட்டது, நான் சிட்னியில் வசிக்கிறேன், பொறுப்பு என்னுடையது, மன்னிக்கவும். அவ்வளவுதான். அதில் என் அம்மா என்று ஒரு சொல் இல்லை. நீ என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். பழியை நீ எடுத்துக்கொண்டதை நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. முகவரியை மாற்றியது என் முதல் குற்றம் என்றால் அந்த மௌனம் இரண்டாவது, அதுதான் பெரியது. திருத்திக்கொண்டோம், உன்னை வெளிநாட்டு மாணவனாகப் பரிசீலிப்போம் என்று இரண்டு நாளில் அவர்களிடமிருந்து பதில் வந்தது.

பெப்ரவரியில் நீ மெல்பேர்னில் கிளேட்டனுக்குப் போனாய். சிட்னியிலேயே இடம் கிடைத்திருந்தும் நீ ஏன் மெல்பேர்னைத் தெரிவு செய்தாய் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. மார்ச் கடைசியில் வேலை நேரத்தில் உன் குறுஞ்செய்தி வந்தது: "கிடைக்கேல்லை. ஓல் குட்." நான் கையுறையைக் கழற்றிவிட்டு, "பரவாயில்லை அப்பன்" என்று திருப்பி அனுப்பினேன். ஓம், அந்தச் சொல்லைத்தான். அதன் பிறகு உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும். இடைவேளையில் தொலைபேசியை எடுத்தேன், வைத்தேன். உன் குரலைக் கேட்கப் பயந்தேன்.

அந்தப் பல்கலைக்கழகம் காரணம் சொல்வதில்லை. அது எனக்கு எவ்வளவு வசதியாகப் போய்விட்டது தெரியுமா? யார் கேட்டாலும் ஒரே பதில் வைத்திருந்தேன்: "அது சரியான கஷ்டம், வெளிநாட்டுப் பிள்ளையளில கொஞ்சப் பேரைத்தான் எடுக்கிறவை." பென்டில் ஹில் கடையில் மிளகாய்த்தூள் நிறுத்துத் தரும் அன்ரியிடம் சொன்னேன். கோயிலில் சொன்னேன். சின்னம்மாவிடம் சொன்னேன். அது பொய்யும் இல்லை. நீயே சொன்னாய், வெரி ஸ்மோல் என்று. உன்னைவிடக் கெட்டிக்காரப் பிள்ளைகள், எந்தப் பிழையும் விடாத பிள்ளைகள், அந்த வரிசையில் நின்று திரும்பியிருப்பார்கள். ஆனால் அந்தச் சின்ன வாய்ப்பை நான் இன்னும் சின்னதாக்கினேனா இல்லையா என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. யாருக்கும் இனித் தெரியப் போவதில்லை. நான்கு வருடமாக "வாய்ப்புக் குறைவு" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இருந்தேன். இத்தனைக்கும் என் வேலை என்ன? பரிசோதனைக்கு வரும் இரத்த மாதிரிக் குழாயில் ஒட்டியிருக்கும் பெயரும் பிறந்த திகதியும் படிவத்தோடு ஒத்துப்போகாவிட்டால், ஒரு இலக்கம் மாறியிருந்தாலும், திருப்பி அனுப்புவது. ஊரார் குழாயெல்லாம் திருப்பி அனுப்புகிறவள் தன் பிள்ளையின் படிவத்தில் பிழையை எழுதிவிட்டு வந்து, கத்தரிக்காய் வெட்டினேன்.

மாமா வீட்டுக் கதையில் உனக்குச் சொல்லாத ஒரு பகுதி இருக்கிறது. குளத்துப் பகிடியோடு அதை நிறுத்திவிடுவேன். வன்னிப் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருந்தவள் பெயர் கௌரி. அந்த ஊரிலேயே பிறந்தவள். இரசாயனத்துக்கு ஆசிரியர் இல்லாததால் பழைய கொப்பிகளைப் பார்த்துத் தானே படித்தவள். என் யாழ்ப்பாண ரியூசன் நோட்டுகளை இரவல் வாங்கிப் போய், பழுதாகாமல் பேப்பர் உறை போட்டுத் திருப்பித் தருவாள். முடிவு வந்தது. அந்த மாவட்டத்துக்குக் கொடுத்த இடங்களில் ஒன்று எனக்கு. கௌரி கொஞ்சப் புள்ளியால் இடம் தவறி நின்றுவிட்டாள். நான் ஊருக்குத் திரும்புகிற அன்று அவள் மாமா வீட்டுக்கு வந்தாள். கோபித்துக்கொண்டு வரவில்லை. பனங்கட்டி கொண்டு வந்தாள். வாசல் படலையடியில் நின்று, கணக்குக் கேட்பதுபோல ஒரு கேள்வி கேட்டாள். "நீ இஞ்ச வந்து எடுத்திருக்காட்டி நான் போயிருப்பன், என்ன?"

"போட்டு வாறன்" என்று மட்டும் சொன்னேன். பனங்கட்டியைப் பைக்குள் வைத்தேன். பிறகு சண்டை வந்தது, இடம்பெயர்வு வந்தது, அவள் எங்கே போனாள், இருக்கிறாளா என்றும் தெரியாது. மாவட்ட ஒதுக்கீடு அநியாயம் என்று எங்கள் வீட்டில் மூச்சுக்கு மூச்சுச் சொல்வார்கள், எங்களுக்கு அது அநியாயம்தான். ஆனால் அந்த அநியாயத்தைச் செய்தவர்களிடம் இருந்து நான் எதையும் பறிக்கவில்லை. பேப்பர் உறை போட்டுத் தந்தவளிடம் பறித்தேன். சின்னம்மா முகவரியை அடித்த அன்று அந்த மாநிலத்தில் ஒரு கௌரி இருப்பாள் என்று எனக்கு நினைவே வரவில்லை. ஜனவரியில் நீ "தெரிஞ்ச வழி அது ஒண்டுதான்" என்றபோதுதான் அவள் முகம் வந்தது. முப்பது வருடத்துக்குப் பிறகு வந்தாள்.

நீ போகிற இடத்தில் உன்னைச் சுற்றி உலகத்துக் கெட்டிக்காரர்கள் எல்லாம் இருப்பார்கள். ஒவ்வொருவரும் வீட்டில் யாரோ ஒருவருடைய ஆசையைப் பெட்டிக்குள் வைத்து இழுத்துக்கொண்டு வந்திருப்பார்கள். அவர்களோடு கதை. பக்கத்தில் இருப்பவனின் பெயரை முதல் நாளே கேள். உனக்குப் பிழை ஒன்று நடந்தால் அன்றைக்கே சொல்லிவிடு. அது உனக்கு ஏற்கனவே தெரியும், என்னைப் போல இந்த வயதில் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. சுகமில்லாவிட்டால் "ஓல் குட்" என்று எனக்கு எழுதாதே. நான் அங்கே பறந்து வர மாட்டேன், சத்தியமாக. ரசம் எப்படி வைப்பது என்று மட்டும் சொல்லித் தருவேன். உன்னைப் பற்றி எனக்குத் தெரியாமல் போன நான்கு வருடம் போதும், அப்பன்.

இப்போது அந்தக் கட்டத்துக்கு வருகிறேன். பென்டில் ஹில் வீடு இப்போது நம்முடையது இல்லை. வாடகை வீடுதான் என்றாலும் பதினாறு வருடம் இருந்ததால் அதை நாம் மறந்துவிட்டோம். இந்த வருட மார்ச்சில் வீட்டுக்காரர் வந்து, விற்றுவிட்டேன் என்றார். வாங்கியவர்கள் அதை இடித்துவிட்டு இரட்டை வீடு கட்டப் போகிறார்களாம். நான் மே மாதத் தொடக்கத்தில் மெரிலேண்ட்ஸில் ஒரு அறை உள்ள அடுக்குமாடி யூனிட்டுக்கு வந்துவிட்டேன். ஏழு வாரமாகிறது. ஏழு ஞாயிற்றுக்கிழமை நீ என்னோடு கதைத்தாய், வீட்டில் எல்லாம் ஓகேயா என்று கேட்டாய், நான் ஓம் என்றேன். பின்னால் பழைய வீட்டு ரயில் சத்தத்துக்குப் பதிலாக மேல்வீட்டுப் பிள்ளை ஓடுகிற சத்தம் கேட்டிருக்கும். நீ கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உன் பயண ஏற்பாட்டைக் குழப்பக் கூடாது என்று சொன்னால் நீ நம்பிவிடுவாய். ஆனால் அதுவும் இல்லை. நான் சொல்ல, நீ "ஓகே அம்மா" என்றுவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவாயோ என்று பயந்தேன். நீ வளர்ந்த வீடு போய்விட்டது என்று சொல்லி, உனக்கு அது ஒன்றும் செய்யவில்லை என்று கண்டுபிடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. வீட்டுச் சாமான்களைத் தனியாகத்தான் பெட்டிகளில் கட்டினேன். உன் அறைப் பொருட்கள் ஒன்பது பெட்டி. நீ தீக்குச்சியால் கட்டி, மேசையை ஆட்டி ஆட்டி விழுத்திப் பார்த்த அந்த ஏழு மாடிக் கோபுரத்தை மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்தேன். இரண்டு மாடி உடைந்துவிட்டது. இந்தக் கட்டிடத்தில் எனக்கு ஒருவர் பெயரும் தெரியாது. பக்கத்து வீட்டில் விடிய ரொட்டி சுடுகிற வாசனை வரும், கதவு திறக்கும், மூடும். நான்கு வருடமாகத் தனியாகத்தான் இருக்கிறேன் என்றாலும், அந்த வீட்டில் இருந்தவரை நீ எங்கேயோ வெளியே போயிருக்கிறாய் என்று இருந்தது. இங்கே வந்த பிறகுதான் நான் தனி என்று தெரிந்தது.

போன சனிக்கிழமை பென்டில் ஹில்லுக்குச் சாமான் வாங்கப் போனேன். கடை அன்ரி, "தம்பி எப்ப வாறார்?" என்று கேட்டார். ஜூலை கடைசியில் நாலு நாள் நிற்க வருகிறான், பிறகு அமெரிக்கா என்றேன். வழமைபோல நடந்து பழைய வீட்டுப் பக்கம் போனேன். சுற்றிவரக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். கூரை இல்லை, குசினிச் சுவர் இல்லை. வீதியோரத்தில் தபால்பெட்டி மட்டும் நம்முடைய இலக்கத்தோடு நிற்கிறது. வீட்டுக்கு வந்து உன் படிவத்தைத் திறந்தால் அந்த இலக்கத்தைத்தான் நீ எழுதி வைத்திருக்கிறாய். நிரந்தர முகவரி என்று. கிளேட்டனில் நான்கு வருடம் இருந்தவன், அந்த அறையின் முகவரியை எழுதியிருக்கலாம். நீ வீட்டை எழுதியிருந்தாய். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்த மணம் வந்து எழும்பினேன். எவ்வளவு சந்தோஷப்பட்டேனோ அவ்வளவுக்கு வெட்கப்பட்டேன். உன் படிவத்தில் என்னால் இரண்டாம் முறையும் பொய் முகவரி.

நீ அந்தப் படிவத்தை எனக்குப் பார்க்க மட்டும் அனுப்பவில்லை, திருத்தவும் முடிகிற மாதிரித்தான் அனுப்பியிருக்கிறாய். அந்தக் கட்டத்தில் விரலை வைத்ததும் ஒரு சின்னக் கோடு மினுங்கத் தொடங்கியது. ஜனவரியில் அந்த மின்னஞ்சல் வந்த அன்று மஞ்சள் தாளைக் கிழித்தெறிந்து கடவுச்சொல்லை மாற்றிய பிள்ளை நீ. இப்போது இதை நினைத்துச் செய்தாயா, நினையாமல் செய்தாயா என்று நான் கேட்கப் போவதில்லை. ஒரு எழுத்தும் தொடாமல் மூடிவிட்டேன். அதை நீதான் மாற்ற வேண்டும், உன் கையால். அல்லது கிளேட்டன் முகவரியைப் போடு, நான் குறை நினைக்க மாட்டேன். கொஞ்சம் நினைப்பேன், சமாளிப்பேன்.

உன் படிப்பு மேசை அறைக்குள் போகவில்லை, குசினியில்தான் போட்டிருக்கிறேன். நான் அதில்தான் சாப்பிடுகிறேன், அதில் வைத்துத்தான் இதையும் எழுதுகிறேன். நீ வருகிற நாலு நாளும் அறை உனக்கு. கோபுரத்தின் உடைந்த இரண்டு மாடியையும் ஒட்டிப் பார்த்தேன், சரிவரவில்லை, நீ வந்து பார். உன் சாவிக்கொத்தில் இருக்கும் பழைய சாவி இனி எதையும் திறக்காது. புதிதாக ஒன்று வெட்டுவித்து, குளிர்சாதனப் பெட்டியில் தொங்கவிட்டிருக்கிறேன்.

மெரிலேண்ட்ஸ், இரண்டாம் மாடி, ஏழாம் இலக்க யூனிட். வீதியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை எடுக்கும்போது நீயே என்னிடம் கேள்.

அம்மா